எந்த மருந்துக்கும் கேட்காதது

கிருமி வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்தால் முதலில் வருவது வாசனைதான். தட்டுகள் அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். பழுத்து ஒரு நாள் தாண்டிவிட்ட திராட்சைக் குலையை யாரோ மூடிய அறைக்குள் மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல ஒரு தித்திப்பு. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், "இங்க யாருங்க ஜூஸ் குடிச்சது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். வட்டக்காரரும் கூடச் சிரிப்பார். ஆனால் கதவைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. அன்று காலை தட்டுகளை அடுக்கி எடுத்தபோது தும்மல் வந்தது. முகமூடிக்குள்ளேயே தும்மி முடித்தவர், அடக்கியிருந்ததற்கெல்லாம் சேர்த்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார். தட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு எதற்குத் திறந்தோம் என்று தெரியாதவர்போல ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வட்டக்காரர் என்பது நர்ஸுகள் வைத்த பெயர். அதே வளாகத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் அவர் இருபத்திரண்டு வருடம் கிருமிப் பரிசோதனை செய்தவர். நோயாளியின் புண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்ததைத் தட்டு முழுக்கப் பூச வேண்டும். அதன் மேல் பொட்டு அளவில் மருந்து வில்லைகளை வரிசையாக வைத்து, ஒரு நாள் சூட்டில் விட வேண்டும். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வழுக்கையாக ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து எழுதுவதுதான் அவர் வேலை. "வட்டக்காரரே, மூணாம் கட்டிலுக்கு வட்டம் விழுந்துச்சா?" என்று வார்டிலிருந்து போன் வரும். விழுந்திருந்தால் அங்கே யாரோ பிழைப்பார்கள். இருபது மில்லிமீட்டர் வட்டத்தை இருபத்தொன்று என்று ஒரு நாளும் எழுதாதவர் என்று அவருக்குப் பெயர் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஐந்து வருடங்களுக்கு முன் அவர் மனைவி, பள்ளியில் கணக்கு டீச்சர், ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். எலும்பைச் சேர்த்து இரும்புத் தகடு வைத்துத் திருகினார்கள். பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். ஆறாம் நாள் தையல் பிரிந்தது. கட்டைப் பிரித்தபோது பஞ்செல்லாம் பச்சையாக ஊறியிருந்தது. அவள் அதைத் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, "நான் சிவப்பு மையில திருத்துவேன். என் காலை யாரோ பச்சை மையில திருத்தி வெச்சிருக்காங்க" என்றாள். கட்டு மாற்றிய நர்ஸ் சிரித்தாள். அவரும் சிரித்தார். அப்போதே அந்தத் தித்திப்பு வாசனை அறையில் இருந்தது. அது என்ன வாசனை என்று அந்த மூன்று பேரில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுடைய பஞ்சுக் குச்சி அவர் மேசைக்கே வந்தது. வேறொருவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மறுநாள் தட்டைத் திறந்தார். பதினான்கு வில்லைகள். ஒன்றைச் சுற்றிக்கூட வட்டம் இல்லை. வில்லைகளின் விளிம்பை முட்டிக்கொண்டு, சில இடத்தில் அவற்றின் மேலேயே ஏறி, பசும்புல் மாதிரி கிருமி மண்டியிருந்தது. தப்பாக எதையோ செய்திருக்கிறோம் என்று நினைத்தார், நினைக்க விரும்பினார். இன்னொரு தட்டு பூசி, புதிய டப்பாவிலிருந்து வில்லைகள் எடுத்து வைத்து, மறுபடி சூட்டில் வைத்தார். அதில் ஒரு நாள் போனது. அன்று சாயங்காலம் பள்ளிச் சீருடையோடு மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மனைவி காய்ச்சலில் மினுங்கும் கண்ணோடு அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"மருந்து கேக்குதா?"

"கேக்குது. கொஞ்சம் மெதுவா கேக்குது."

"மெதுவான்னா? பாஸ் மார்க் வருமா?"

"அதுக்கு மேலயே வரும்."

அவள் நம்பினாள். அவர் அளவில் பிசகாதவர் என்று ஊருக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா? இரண்டாவது தட்டும் அதையேதான் சொன்னது. பிறகு வார்டு டாக்டர் அவர் தோளில் கை வைத்து, "ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தாலும் குடுக்கறதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்ல சார். மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றார். அது உண்மைதான். அந்த உண்மையை அவர் பல தடவை தனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறார். நாற்பத்தோராம் நாள் மதியம் மூன்றே காலுக்கு அவள் போனாள். மகள் அப்போது பள்ளியில் இருந்தாள்.

விடுப்பு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், அந்தத் தட்டு குளிர் அலமாரியில் அப்படியே இருந்தது. நீராவி அழுத்தக் கலனில் போட்டுக் கொன்றுவிட்டுக் குப்பையில் எறிய வேண்டியது. அவர் கம்பி வளையத்தை நெருப்பில் காட்டி ஆறவைத்து, கிருமியைக் கொஞ்சம் வழித்து, சுண்டுவிரல் அளவு குப்பியில் போட்டு மூடினார். பதிவேட்டில் அடுத்த எண் எழுபத்தொன்று. அதையே குப்பியில் எழுதி, எதுவும் சாகாமல் உறைந்து கிடக்கும் ஆழ்குளிர் ஃப்ரீசரின் மூன்றாம் தட்டில் வைத்தார். ஏன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. கொலைகாரனைச் சிறையில் வைத்துவிட்டதாகச் சில நாள் நினைத்துக்கொண்டார். அவள் உடம்பிலிருந்து வந்ததில் உயிரோடு மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்ற நினைப்பு பிறகு எப்போதோ ஒரு பஸ் பயணத்தில் வந்தது. வந்தது வந்ததுதான், அப்புறம் போகவில்லை.

வார்டு போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போக ஆரம்பித்ததால், கேட்டு வாங்கிக்கொண்டு பின்கட்டிடத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாறினார். அங்கே டாக்டரம்மா இருந்தார். அவரைவிடப் பத்து வயது சிறியவர், நடக்கச் சொன்னால் ஓடுகிறவர், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கட்டிடம் முழுக்கத் தேடுகிறவர். ஒரு காட்டுக் கொடியின் பட்டையை அரைத்து, ஊறவைத்து, வடித்து, அதில் உள்ளதைத் தனித்தனியாகப் பிரித்து இருபத்து மூன்று பங்காக வைத்திருந்தார். யாராவது மூலிகை என்றால் அவருக்குக் கோபம் வரும். "அந்த வார்த்தையச் சொல்லாதீங்க. உடனே நாலு பேர் கஷாயம் காய்ச்சக் கிளம்பிடுவாங்க" என்பார். சோதித்துப் பார்க்க இருப்பதிலேயே முரட்டுக் கிருமி ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, வட்டக்காரர் யோசிக்காமல், "எழுபத்தொண்ணு இருக்கு மேடம்" என்றார்.

"எப்படி அது?"

"எதுக்கும் கேக்காது."

குப்பியை உருக்கிப் புதுத் தட்டில் பூசினார். மறுநாள் காலை அது முளைத்திருந்தது. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அதைப் புதுப்பித்து, உணவு மாற்றி, முப்பத்தேழு டிகிரியில் வைத்து வளர்ப்பது அவர் பொறுப்பு. முப்பத்தேழு என்பது உடம்பின் சூடு. இன்குபேட்டரின் உள்சுவரில் தெரியாமல் புறங்கை பட்டுவிட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்.

இருபத்து மூன்று பங்கையும் வில்லையில் நனைத்து வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் வட்டம் விழவில்லை. அவர் அதை எதிர்பார்த்திருந்தார். உள்ளுக்குள் எங்கோ ஆறுதலாகக்கூட இருந்தது. தட்டுகளைக் காட்டியபோது டாக்டரம்மா முகம் வாடவில்லை.

"வட்டம் விழாதுன்னு தெரியும் சார். விழக் கூடாதுன்னே வேண்டிக்கிட்டேன். கிருமிய நேரா அடிச்சா அது தப்பிக்கக் கத்துக்கும், நாம மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அப்ப இந்தப் பட்டை எதுக்கு மேடம்?"

"கிருமிய கொல்றதுக்கு நம்ம உடம்புலயே ஆள் இருக்கில்ல, வெள்ளையணு? இந்த மாதிரிக் கிருமி என்ன பண்ணுதுன்னா, அவங்கள மந்தமாக்கி வெச்சிடுது. பக்கத்துல வந்துட்டு சும்மா நிக்கிறாங்க. ஒரு பங்கு, ஒரே ஒரு பங்கு, அவங்கள உலுக்கி எழுப்பி விட்டாப் போதும். மருந்து கிருமிக்கு இல்ல. நம்ம ஆளுங்களுக்கு."

அதற்கு உயிருள்ள ரத்தம் வேண்டும். மேலிடத்தில் அனுமதி வாங்கினார்கள். அதே கட்டிடத்தில் வேலை செய்கிற ஐந்து பேர் தர ஒப்புக்கொண்டார்கள். நான்காவது ஆள் வட்டக்காரர். ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து, சிறு குழாயில் கிருமியோடும் பட்டைச் சாற்றோடும் கலந்து, இரண்டு மணி நேரம் சூட்டில் சுழலவிட்டு, அதில் ஒரு துளியைத் தட்டில் பரப்ப வேண்டும். தப்பிப் பிழைத்த ஒவ்வொரு கிருமியும் மறுநாள் ஒரு புள்ளியாக முளைக்கும். எண்ணுகிறவர் மனம் ஒரு பக்கம் சாயக் கூடாது என்பதால் எந்தத் தட்டில் சாறு இருக்கிறது, எதில் இல்லை என்பதை டாக்டரம்மா தன்னிடம் வைத்துக்கொண்டு, தட்டுகளுக்கு வண்ணப் பொட்டு மட்டும் ஒட்டுவார். எட்டுப் பங்குகள் இப்படிப் போய்விட்டன. எல்லாத் தட்டிலும் நூற்றெண்பதுக்கும் இருநூறுக்கும் நடுவில்தான் புள்ளிகள்.

அந்தத் தும்மல் வந்த நாளில் மேசையில் இருந்தவை ஒன்பதாம் பங்கின் தட்டுகள். ரத்தம் அவருடையது. கடைசியில் பேனாவை எடுத்து, தட்டைக் கவிழ்த்து, எண்ணிய புள்ளிக்கு மையால் குறி வைத்துக்கொண்டே போனார். மஞ்சள் நூற்றெண்பத்து நான்கு. நீலம் நூற்றெழுபத்தொன்பது. சிவப்பைக் கவிழ்த்ததும் கை நின்றது. வெறிச்சோடிக் கிடந்தது தட்டு. எண்ணினார், பதினாறு. துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார்.

பதினாறுதான்.

முதலில் ஒரு சந்தோஷம். அதன் வால் பிடித்துக்கொண்டே வேறொன்று வந்தது. இந்தக் கொடி எங்கோ ஒரு காட்டில் அப்போதும் படர்ந்துதான் இருந்திருக்கும். அவள் காய்ச்சலில் மினுங்கும் கண்ணோடு கேட்டபோதும் அதன் பட்டைக்குள் இது இருந்திருக்கும். எதுவும் இல்லை, கொடுக்க உலகத்திலேயே ஒன்றும் இல்லை என்ற ஒரே ஒரு வார்த்தையின் மேல்தான் இத்தனை நாள் அவர் நின்றுகொண்டிருந்தார். இன்னொன்றும் இருந்தது, அதை அவர் வார்த்தையாக நினைக்கவில்லை. அந்த வெற்றுத் தட்டைப் பார்க்கையில், நாற்பத்தோராம் நாள் கட்டிலில் போர்வையை இழுத்து மூடியது ஞாபகம் வந்தது. மூடியது அவர்தான். அவளில் மிச்சமிருந்ததை இப்போது தின்று தீர்த்ததும் அவர் ரத்தம்தான்.

நோட்டில் பதினாறு என்று எழுதினார். எழுதிய கை தாளைவிட்டு எழாமல் பக்கத்தில் ஒரு சுழி போட்டது. நூற்றறுபது. இருபத்தேழு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய், ஒரு சின்ன வட்டம். மை காய்கிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை மூடினார். தட்டை அழிக்கப் போடவில்லை. குளிர் அலமாரியின் அடியில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் குளியலறைக்குப் போவது அவர் வழக்கம். அன்று சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பனியனோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டார். வெளியே இன்னும் வெயில் இருந்தது. மகள் துவைக்கப் போட வேண்டிய துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். பதினான்கு வயது, அம்மாவின் உயரம் வந்துவிட்டது. நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்தவள் துணிக்கூடையில் போடாமல் நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தபோது முகத்தைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி, அது அழுக்குச் சட்டை. என்ன பண்றே?"

அவள் முகத்தை எடுக்காமலே, "அம்மா வாசனை வருதுப்பா" என்றாள்.

அவர் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"சில நாள் வரும். நீங்க குளிக்கப் போனதும் எடுத்துப் பார்ப்பேன். எல்லா நாளும் வராது." சட்டையை மார்போடு வைத்துக்கொண்டாள். "அம்மா குரல்கூட எனக்கு மறந்துடுச்சு. போன்ல ரெண்டு வீடியோ இருக்கு, அதுலேர்ந்துதான் ஞாபகம் வெச்சுக்கறேன். வாசனை மட்டும் நெஜமாவே ஞாபகம் இருக்கு. கட்டில்ல பக்கத்துல உக்காந்து கணக்குப் போடுவேன்ல, அப்ப வரும்."

"ஏன் இவ்வளவு நாள் சொல்லல?"

"கேட்டா நின்னுடுமோன்னு பயம்."

அவர் சோப்பு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "சோப்பு இல்லப்பா" என்றாள் அவள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. அந்தச் சட்டையைத் துவைக்கப் போடவில்லை. மடித்துத் தன் அறைக்கு எடுத்துப் போனாள். மனைவியின் சொந்த வாசனை என்று ஒன்று இருந்தது: சாக்பீஸ் தூளும், தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும், வெயிலில் காய்ந்த பருத்தியும். அதைக் குழந்தையிடம் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்று எழுந்தார். எழுந்தவருக்கு அந்த வாசனை எப்படி இருக்கும் என்று நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. முயன்று முயன்று பார்த்தார். திராட்சைதான் வந்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா நோட்டும் கையுமாக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி கண்ணில்தான் இருந்தது.

"ஒம்பதும் போச்சு சார். அதுமேலதான் எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. மிச்சமெல்லாம் வெறும் சக்கை." கொஞ்ச நேரம் மேசையை விரலால் தேய்த்தார். "மூடிடலாம். அறிக்கைய நான் எழுதிடறேன். வெச்சிருக்கற கிருமியெல்லாம் எடுத்து ஆவியில போட்டுடுங்க. எழுபத்தொண்ணும் சேத்துத்தான், அத வெச்சிருக்கறதே ஆபத்து."

வட்டக்காரர் சரி என்று தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே, "மேடம், அது பதினாறு" என்றார்.

"எது?"

"சிவப்பு. நூத்தறுபது இல்ல, பதினாறு. சுழி நான் போட்டது."

டாக்டரம்மா அவரையே பார்த்தார். தட்டு எங்கே என்று மட்டும் கேட்டார். அவர் அலமாரியின் அடியில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, உதடு அசைய எண்ணினார் டாக்டரம்மா. முடித்த பிறகும் தட்டை இறக்கவில்லை. அதன் வழியாகவே பேசினார்.

"உங்களத் தவிர வேற யார் பண்ணியிருந்தாலும் இந்நேரம் கத்தியிருப்பேன். ஏன் சார்?"

அவர் சொன்னார். குச்சி தன் மேசைக்கு வந்ததிலிருந்து, குப்பியில் எண் எழுதியது வரைக்கும் ஒரே மூச்சில், ஆய்வறிக்கை படிப்பதுபோலச் சொன்னார். மகள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. டாக்டரம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இவ்வளவு நாளும் அத நீங்களே வளர்த்திருக்கீங்க."

"ஆமா மேடம்."

"எப்படி சார் முடிஞ்சுது?"

"முப்பத்தேழு டிகிரில வெச்சா வளரும்" என்றார் அவர். கேட்டது அதுவல்ல என்று அவருக்கும் தெரியும்.

டாக்டரம்மா நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இத நீங்களே உங்க கையால எழுதிக் குடுக்கணும். நான் மேல அனுப்பித்தான் ஆகணும். இனிமே எண்ணுற வேலை உங்களுக்கு இல்ல. தட்டு பக்கமே வரக் கூடாது" என்றார். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். "ரத்தம் மட்டும் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கண்டித்திருந்தார்கள், வேலையைவிட்டுத் தூக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் வட்டக்காரர் பாட்டில் கழுவினார், சரக்கு வந்தால் சரிபார்த்தார், வாரம் ஒரு நாள் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அடுத்த அறையில் வேறு இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினார்கள். கண்ணாடித் தடுப்பு வழியாக அவர்கள் வாய் அசைவது தெரியும். எண் தெரியாது. தன் உடம்பிலிருந்து போனவை அந்தப் பக்கம் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று நினைத்தபடி பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முடிவில் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். ஐந்து பேரில் மூன்று பேர் ரத்தத்தில் ஒன்பதாம் பங்கு நன்றாக வேலை செய்கிறது. ஒருவருக்குப் பாதி. இன்னொருவருக்கு, ஆளைப் பார்த்தால் தூணைப் பிடுங்குவார், எதுவுமே நடக்கவில்லை. வெள்ளையணுக்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

"ஏன்னு தெரியல சார். மருந்துன்னு சொல்றதுக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும். சொல்லாமலேயும் போகலாம். கண்ணாடிக் குழாய்ல நடக்கறதெல்லாம் மனுஷ உடம்புல நடக்காது."

"அவளுக்குக் குடுத்திருந்தா?"

அதைக் கேட்கக் கூடாது என்று இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த மூணு பேர்ல ஒருத்தரா இருந்திருக்கலாம். அந்த அஞ்சாவது ஆளாவும் இருந்திருக்கலாம். அவங்க ரத்தம் இப்ப எங்கேயும் இல்ல சார், கேட்டுப் பாக்கறதுக்கு."

இல்லை என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. கிருமி இருக்கிறது, கொடி இருக்கிறது, அவர் ரத்தம் இருக்கிறது. நடுவில் ஒரு ஆள் மட்டும் இல்லை. டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் தள்ளினார். எழுபத்தொன்றை வேறு மூன்று ஆய்வகங்களுக்கு அனுப்ப வேண்டும், அவர்களும் செய்து பார்த்தால்தான் நம்புவார்கள். யாரிடமிருந்து எடுத்ததோ அந்தக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். "உங்க கையெழுத்து போதும். ஆனா உங்க பொண்ணுகிட்ட கேக்காம போடாதீங்க."

மறுநாள் விடுமுறை. காலையில் மகள் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வாசல்படியில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். சுழியைச் சொன்னார். அம்மாவிடம் பாஸ் மார்க்குக்கு மேலே வரும் என்று சொன்னதையும் சொன்னார். அவள் ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அது இப்பவும் உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"அம்மாவ கொன்னது."

"ஆமாம்மா."

"அந்த வாசனை... அது அம்மா இல்லையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தட்டை அலமாரியில் வைத்து, துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு, அவரைத் தாண்டித் தன் அறைக்குப் போனாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள், கேட்டதற்கு உம் என்றாள். இரண்டாம் நாள் காலை துணிக்கூடையின் மேலாக அந்தச் சட்டை வந்து கிடந்தது. அன்று மாலை அவர் பார்த்தபோது கூடையில் இல்லை. துவைத்துக் காயப்போட்டதாகவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடியபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு அத பாக்கணும்."

டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஆய்வகத்தில் அதிகம் பேர் இல்லை. மகளுக்குக் கொடுத்த வெள்ளைக் கோட்டின் கை நீளமாக இருந்தது. இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். நுண்ணோக்கி இருந்த அறை சிறியது, திரைச்சீலை போட்டு மங்கலாக வைத்திருந்தது. மூடி ஒட்டிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைப் பொருத்திவிட்டு டாக்டரம்மா சொன்னார். "பெருசா, ஓரம் நெளிஞ்சு நெளிஞ்சு இருக்கும் பாரு, அது அப்பாவோட வெள்ளையணு. பொடிசா குச்சி குச்சியா நீந்துதே, அது எழுபத்தொண்ணு. ஒம்பதாம் பங்கு இப்பதான் விட்டிருக்கேன். கொஞ்சம் பொறுமையா பாக்கணும்." பிறகு அவர்களை விட்டுவிட்டு வெளியே போனார்.

மகள் குனிந்து ஒற்றைக் குழாயில் கண்ணை வைத்தாள். இன்னொரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வட்டக்காரருக்கு அவள் பக்கவாட்டு முகம் மட்டும்தான் தெரிந்தது. குழாய்க்குள்ளிருந்து கசிந்த வெளிச்சம் அவள் கன்னத்தில் ஒரு நகம் அளவுக்கு விழுந்திருந்தது. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. ஏதாவது தெரிகிறதா என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டார். பிறகு அவள் இன்னும் குனிந்தாள். மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. எதையோ தொடர்ந்து போவதுபோல அவள் தலை மயிரிழை அளவுக்கு இடப்பக்கம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது.

"ஓடு" என்றாள், அவருக்கே கேட்டும் கேட்காத குரலில். "ஓடு, ஓடு."

துரத்துவதைச் சொல்கிறாளா, துரத்தப்படுவதைச் சொல்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கண்ணை எடுக்கவில்லை. மடித்துவிட்ட கோட்டின் கை ஒன்று பிரிந்து, அவள் விரல்களின் மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.